தூய பிளாஸ்மா ஆய்வகம்

கல்லூரி வளாகத்தில் எந்த இடத்திலும் தூசு இருக்கக் கூடாது என்று முதல்வர் விஜயகுமாரி சுற்றறிக்கை அனுப்பிய நேரத்தில், இயற்பியல் விரிவுரையாளர் ஜெபக்குமார் தன் ஆய்வகத்தில் தூசு தூவிக்கொண்டிருந்தார். விஷமத்துக்காக அல்ல. அவருடைய ஆராய்ச்சியே அதுதான்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் அவிநாசிபாளையத்தைத் தாண்டினால் அந்தக் கல்லூரி வரும். தாளாளர் சென்னியப்பன் பனியன் ஏற்றுமதியில் பெரிய ஆள். அமெரிக்காவுக்கு உள்ளாடை அனுப்பி முடித்த பிறகு உள்ளூருக்குக் கல்வியும் அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியதில் எழுந்த கட்டடம் அது. நிலம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார். வேலை என்றால் பெருக்குவது, கழிவறை கழுவுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. அப்படி வந்தவள்தான் வேலாத்தாள். அவள் கணவன் வெள்ளையன், இப்போது ஒரு சாயப்பட்டறையில் காவலுக்கு இருந்தான்.

ஜெபக்குமார் நாசரேத் பக்கத்து ஆள். மண்ணரையில் வாடகைக்குக் குடியிருந்தார். பல வருடம் விண்ணப்பித்து, டெல்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி, கண்ணாடிக் கூண்டு ஒன்றை நிறுவியிருந்தார். கூண்டிலிருந்த காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, உள்ளே இருந்த உலோகத் தட்டுகளில் உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் வாயு கத்தரிப்பூ நிறத்தில் ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. அதற்குள் மாவைவிட நைசான தூசைத் தூவுவார்.

வேலாத்தாள் ஒருநாள் துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங் சார், காலேஜெல்லாம் தூசத் தட்டறோம். நீங்க தூசக் கொட்டறீங்களே."

"இங்க வந்து பாருங்கக்கா."

விளக்கை அணைத்து, லேசர் வெளிச்சத்தைக் கூண்டுக்குள் பாய்ச்சினார். தூசு கீழே விழாமல் தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதற்குள் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை பட்டையாக ஏதோ மெதுவாக நகர்ந்து போயிற்று.

"நடக்குதுங்க சார். எறும்புச் சாரையாட்டப் போகுதுங்க."

"அதுதான்க்கா அலை. உள்ள எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கு, ரொம்பச் சின்னது, ரொம்ப வேகம். ஓடி வந்து தூசு மேல ஒட்டிக்கிடும். ஒரு பொடி மேல ஆயிரக்கணக்குல ஒட்டும். அதனால தூசுக்கு மின்சாரம் ஏறிருது. கீழ இருக்க தட்டு அதத் தள்ளுது, அது விழாம நிக்குது. பக்கத்துப் பொடியும் இதத் தள்ளுது. அப்படித் தள்ளித் தள்ளித்தான் அலை போவுது."

"ரோசனை பண்ணிப் பாத்தா பாவமுங்க. யாரோ வந்து ஒட்டிக்கிறாங்க, இது சுமக்குது" என்றாள் வேலாத்தாள். அப்புறம் தன் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஜெபக்குமாரின் கேள்வி அந்த அலை ஏன் களைத்துப்போகிறது என்பது. அலை கடக்கும்போது தூசின் மேல் ஏறியிருக்கும் மின்னூட்டமும் கூடிக் குறையும். ஆனால் உடனே அல்ல, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் அலையின் சக்தியைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்று அளப்பதற்காகத்தான் அவர் விடுமுறை நாட்களிலும் வந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க" என்று அவளிடம் சொன்னார். "உள்ள இருக்க தட்டத் தொட்டுறக் கூடாது. கரண்ட் போனாலும் தொடக் கூடாது. இந்தப் பெட்டிக்குள்ள பெரிய கெபாசிட்டர் இருக்கு. வெளிய கரண்ட் நின்னாலும் அதுக்குள்ள தேங்கிக் கிடக்கும். நான் எர்த் பண்ணுன பெறவுதான் கிட்ட வரணும்."

எர்த் செய்வதற்கென்று, அதாவது தேங்கிய மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடுவதற்கென்று, பிடியும் கம்பியும் உள்ள ஒரு குச்சி உண்டு. அதைக் கேட்டுக் கொள்முதல் குழுவுக்கு எழுதியிருந்தார். குழு கூடி, டீ குடித்து, 'குச்சி' என்ற பொருளை வெளியில் வாங்கத் தேவையில்லை, வளாகத்தில் வேப்ப மரங்கள் இருக்கின்றன என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியது. ஜெபக்குமார் ஒரு பழைய வயரை வைத்துத் தானே சமாளித்துவந்தார்.

இந்த நிலையில்தான் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருவதாக முடிவாயிற்று. வட இந்தியாவிலிருந்து வரும் குழு. அது எந்தெந்த அம்சத்துக்கு மதிப்பெண் போடும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆகவே எல்லா அம்சங்களும் வெள்ளையடிக்கப்பட்டன. தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை காவி பூசினார்கள். நூலகத்தில் யாரும் தொடாத புத்தகங்களைப் பழசாகக் காட்டுவதற்கு முதலாமாண்டு மாணவர்களை உட்காரவைத்துப் பக்கங்களைப் புரட்டச் சொன்னார்கள். விஜயகுமாரி வணிகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எல்லாத் துறைகளையும் ஒரே கண்ணால் பார்க்கும் குணம் அவருக்கு உண்டு.

சுற்றுலா போல ஒவ்வொரு துறையாக வந்தவர், இயற்பியல் வாசலில் நின்றுவிட்டார். பலகையில் 'தூசுப் பிளாஸ்மா ஆய்வகம்' என்று இருந்தது.

"இது என்னங்க சார், நாமளே எழுதி வெச்சுட்டோமா?"

"மேடம், அது ஆராய்ச்சியோட பேரு. உலகம் பூரா அப்படித்தான் சொல்லுதாங்க."

"உலகத்துக்கு இன்ஸ்பெக்சன் இல்லீங்களே. நமக்கு இருக்குது."

மறுநாள் பெயிண்டர் வந்தார். ஓர் எழுத்தை மாற்றி ஒரு புள்ளியெழுத்தை அழித்தால் போதும் என்று செலவு குறைந்ததில் நிர்வாகம் மகிழ்ந்தது. 'தூய பிளாஸ்மா ஆய்வகம்' ஆயிற்று.

தாளாளர் சென்னியப்பனுக்கு வேறு சந்தேகம் இருந்தது. தூசை ஒரு கம்பெனியிலிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார்.

"தூசுக்குப் போயி ஆர்டர் குடுக்கறதா? நம்ம மில்லுல பஞ்சுத் தூசு பறக்காத எடமில்லீங்க. அத்தனை சனமும் அதைத்தான் மூச்சு உட்டுட்டு இருக்குது. ஒருத்தனாச்சும் வாயத் தொறந்து குறை சொல்லியிருப்பானுங்களா? இருமுவான். இருமறது குறை சொல்றதுல சேராதுங்க. நாம சும்மா குடுக்கறத அவன் சும்மா வாங்கிக்கறான். அந்த மனசு நம்ம ஆசிரியர்களுக்கும் வரோணும்."

கைதட்டினார்கள். மாலையில் மில்லிலிருந்து ஒரு மூட்டைப் பஞ்சுத் தூசு வந்து ஆய்வக மூலையில் இறங்கியது. சுற்றறிக்கை ஞாபகம் வந்து, மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குழு வருவதற்கு முன் ஒத்திகை நடந்தது. வணிகவியல் துறைத் தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு குழுத் தலைவராக நடித்தார். அவர் இளநீர் குடித்து, பாத்திரங்களைத் தட்டிப் பார்த்து, எல்லாரையும் மிரட்டி, கடைசியில் பரவாயில்லை என்றார். நிஜத் தலைவர் வந்தால்கூட இவ்வளவு நன்றாக வராது என்று சென்னியப்பன் பாராட்டினார். ஆய்வகத்தில் கத்தரிப்பூ வெளிச்சத்தைப் பார்த்த அந்தத் தலைவர், "உள்ளே அழுக்கு மிதக்கிறதே" என்று கேட்டார். விஜயகுமாரி ஜெபக்குமாரைப் பார்த்தார்.

"மேடம், அது அழுக்கு இல்ல. அது இல்லன்னா ஆராய்ச்சியே இல்ல."

"நான் கேக்கறது ஒண்ணுதானுங்க சார். உள்ள தூசு இருக்குதா, இல்லீங்களா?"

"இருக்கு மேடம்."

"அவ்வளவுதான்."

அதோடு, குழு வரும் நாளில் அவரை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழு ரயிலில் வருகிறது, ஜெபக்குமாருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும், சந்தன மாலையோடு போய் வரவேற்க வேண்டும் என்பது உத்தரவு. கிளம்பும் முன் தன் எம்.எஸ்ஸி மாணவி ஜோதிகாவிடம், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிரு. எதையும் திறக்காத. எர்த் நான் வந்து பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில், வழக்கமான மின்வெட்டு நேரம் வந்து, கல்லூரி முழுக்க மின்சாரம் நின்றது.

திருப்பூர் நிலையத்தில் ரயில் வரவில்லை. ஊத்துக்குளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. மாலை வாடாமலிருக்க அதன் மேல் தண்ணீர் தெளித்தபடி ஜெபக்குமார் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. ஜோதிகா.

"சார், வேலாத்தாக்கா..." என்றவள் அழுதாள்.

நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். முதல்வரும் துப்புரவு மேற்பார்வையாளரும் வந்தார்கள். கூண்டைத் திறந்து உள்ளே ஈரத்துணி போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். வேலாத்தாள் தயங்கினாள். சார் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க என்றாள். முதல்வர், கரண்டே இல்லையேம்மா, போ என்றார். ஜோதிகாவும் வேண்டாம் என்றாள். உனக்கு இங்கே என்ன வேலை, போய் ரங்கோலி போடுகிறவர்களோடு சேர்ந்துகொள் என்று அவளை அனுப்பினார்கள். அவள் படியிறங்குவதற்குள் உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஒரு கையில் ஈரத்துணியோடு தட்டைத் தொட்டவள், இன்னொரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தாளாம்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்து நின்றது. இறங்கிய குழுத் தலைவர், மாலையைப் பார்த்ததும் தானாகவே தலையைக் குனிந்தார். ஜெபக்குமார் போட்டார்.

அவர் கல்லூரிக்குத் திரும்பியபோது உடல் அங்கே இல்லை. பனியன் கம்பெனி வேனில் பின்வாசல் வழியாகப் போயிருந்தது. முன்வாசலில் பூரண கும்பத்தோடு பெண்கள் நின்றிருந்தார்கள். தெரிந்த டாக்டர் ஒருவர் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் மயானத்தில் எரித்து முடித்தார்கள். செலவெல்லாம் நிர்வாகமே பார்த்துக்கொண்டது என்று ஊரில் பெருமையாகப் பேசப்பட்டது.

மறுநாள் காலை குழு இயற்பியல் துறைக்கு வந்தது. கூண்டு பளிச்சென்று இருந்தது. அவள் விட்ட மிச்சத்தை வேறு யாரோ துடைத்து முடித்திருந்தார்கள்.

"இவ்வளவு சுத்தமான ஆய்வகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை" என்றார் குழுத் தலைவர். "என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள்?"

"பிளாஸ்மாவில் தூசினால் உண்டாகும் அலைகள்."

"எங்கே, காட்டுங்கள்."

ஜெபக்குமார் இயந்திரத்தை இயக்கினார். வெளிச்சம் வந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. அசையாமல் ஒரே நிறமாக நின்றது.

"அலை எங்கே?"

ஜெபக்குமார் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன் முந்திக்கொண்டார். "நம்ம காலேஜ்ல எந்த அலையும் கிடையாதுங்க. ஸ்டிரைக் கிடையாது, சங்கம் கிடையாது. எல்லாம் அமைதிங்க."

அதை யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். குழுத் தலைவர் மிகவும் திருப்தியடைந்து எழுதிக்கொண்டார். சில வாரங்கள் கழித்து மிக உயர்ந்த தரம் வந்தது. வாசலில் வரவேற்பு வளைவு கட்டினார்கள்.

ஜெபக்குமார் அதற்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். காவல் நிலையம் புகாரைப் பொறுமையாக வாங்கிக்கொண்டது. பிறகு, இதை விசாரித்து அறிக்கை தருமாறு கல்லூரியையே கேட்டுக்கொண்டது.

விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் சென்னியப்பன். உறுப்பினர் விஜயகுமாரி. நடுநிலைக்காக வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதால், ஒத்திகையில் வெளியாளாக நடித்த அனுபவமுள்ள வணிகவியல் துறைத் தலைவரைப் போட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் வெள்ளையன் மண்ணரைக்கு வந்தான். பனியன் கம்பெனிகளின் சத்தத்துக்கு நடுவே அந்தச் சந்து வீட்டைக் கண்டுபிடித்து வந்தவன், உள்ளே வராமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஜெபக்குமாரின் மனைவி வற்புறுத்திய பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு என்னையக் கூப்பிட்டிருக்காங்க சார். அவளாவேதான் உள்ள போயித் தொட்டுட்டான்னு நான் சொல்லோணுமாமா. சொன்னா பையன் கருப்புசாமிக்கு அவ வேலையத் தர்றாங்களாம்."

ஜெபக்குமாரின் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளையன் எழுந்து வாங்கிக்கொண்டான்.

"அப்படிச் சொன்னா உங்களுக்குச் சங்கடம் வருமுங்களா?"

"வரும். மிஷினக் கவனிக்காம விட்டது நான்னு ஆவும்."

"அதுதானுங்க. உங்க முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

வெள்ளையன் காபியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"வலிச்சிருக்குமுங்களா சார்?"

"ரொம்ப நேரம் இருந்திருக்காது" என்றார் ஜெபக்குமார். அது உண்மைதானா என்று அவருக்குத் தெரியாது.

அவன் போன பிறகு மனைவி கேட்டாள். "நீங்க என்ன சொல்லப் போறீங்க? நீங்க சொன்னா அந்தக்கா திரும்பி வருவாங்களா? சொல்லாட்டியும் வர மாட்டாங்க. நமக்கு இந்த வேலையும் போனா நாசரேத்துல போயி என்ன செய்யது?"

"தெரியல" என்றார். அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினாள்.

விசாரணை கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடந்தது. முதலில் ஜோதிகா வந்தாள். சம்பவ நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். தரையைப் பார்த்தபடி, ரங்கோலி போட்டுக்கொண்டிருந்தேன் என்றாள். அப்படியானால் நீ சாட்சியே இல்லை என்று அவளை அன்போடு அனுப்பிவைத்தார்கள். கதவருகே ஒருமுறை திரும்பி ஜெபக்குமாரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்தது ஜெபக்குமார். வணிகவியல் தலைவர் கேட்டார். "சம்பவம் நடந்தது மின்வெட்டு நேரத்தில். மின்சார வாரியமே அதை ஒத்துக்கொள்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் மின்சாரம் தாக்கி ஒருவர் எப்படி இறக்க முடியும்?"

"கெபாசிட்டர்ல சார்ஜ் தேங்கியிருந்துது."

"மின்சார வாரியத்துக்குத் தெரியாமலா?"

"வாரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"குறித்துக்கொள்ளுங்கள். வாரியத்துக்குச் சம்பந்தமில்லாத மின்சாரத்தை இவர் வைத்திருந்திருக்கிறார்."

விஜயகுமாரி முன்னால் சாய்ந்தார். "உங்க ஆராய்ச்சியில தூசு மேல எலக்ட்ரான் ஏறுதுன்னு சொல்றீங்க. அத யாராச்சும் போகச் சொல்லி அனுப்பறாங்களா, தானாப் போகுதுங்களா?"

"தானாப் போகும் மேடம்."

"நிர்வாகம் அனுப்பறதில்லை."

"இல்ல. ஆனா வேலாத்தாக்காவ நீங்கதான் மேடம் அனுப்புனீங்க. அவங்க மாட்டேன்னு சொன்ன பெறவும் அனுப்புனீங்க."

சென்னியப்பன் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"சார், ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலேஜ் ஒரு குடும்பமுங்க. குடும்பத்துல ஒரு உசுரு போனா யாரு கொன்னாங்கன்னு கேப்பாங்களா? அழுதுட்டுச் சோறு திம்பாங்க. நானே அன்னைக்குச் சாப்பிடலீங்க, சாயங்காலம் வரைக்கும். நீங்க வெளியூரு. உங்களுக்கு இந்தப் பாசம் புரியறதுக்கு நாளாகும். அதுக்குத்தான் உங்களுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு நிர்வாகம் முடிவு பண்ணியிருக்குதுங்க."

இப்படியாக ஜெபக்குமாரின் வேலை போயிற்று. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பயப்பட்டதைவிட அது லேசாக இருந்ததுதான். எழுந்து போகச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டதால் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக வெள்ளையனைக் கூப்பிட்டார்கள். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க சம்சாரம் அந்த மிசினுக்குள்ள அவங்களாத்தானே போனாங்க?" என்று கேட்டார் விஜயகுமாரி. குரலில் கரிசனம் இருந்தது.

வெள்ளையன் யோசித்தான்.

"அவ தானா எங்கயும் போனதில்லீங்க. கலியாணம் ஆன நாளிலிருந்து பாக்கறனே. காட்டுக்குப் போன்னா போவா. பூமிய வித்துப்போட்டோம், இனிமேல் காலேஜுக்குப் போன்னோம், வந்தா. கக்கூசக் கழுவுன்னா கழுவுவா. யாராச்சும் சொல்லாம அவ ஒரு எடத்துக்குப் போயி நான் பாத்ததில்லீங்க."

ஜெபக்குமார் நிமிர்ந்து பார்த்தார். குழுவில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வணிகவியல் தலைவர்தான் முதலில் சுதாரித்து எழுதினார். இறந்தவர் எந்தப் பணியையும் மறுக்காமல் மனநிறைவோடு செய்துவந்தார் என்று கணவரே சாட்சியம் அளித்தார். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சென்னியப்பனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் கண்கூடக் கலங்கியது.

"நல்லாச் சொன்னீங்க வெள்ளையா" என்றார். "திங்கக்கெழமை பையன வரச் சொல்லுங்க. இயற்பியல்லயே போட்டுடலாம். அவங்கம்மாளாட்டவே இருக்கட்டும்."

வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவன் அவங்கம்மாளாட்ட இல்லீங்க" என்றான். "இங்க வர மாட்டானுங்க. நானும் போகச் சொல்ல மாட்டனுங்க."

கும்பிடாமல் வெளியே நடந்தான். ஜெபக்குமாரும் எழுந்து அவன் பின்னால் போனார்.

அறிக்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. விஜயகுமாரி சொல்லச் சொல்ல வணிகவியல் தலைவர் எழுதினார்: நிர்வாகம் கருணையோடு அளிக்க முன்வந்த பணியை, இறந்தவரின் குடும்பத்தார் தாமாகவே மறுத்துவிட்டனர்.